அபோஃபிஸ்: 37-ல் ஒன்று எப்படி ஒரே நாளில் பூஜ்யமானது?

நாகை டீச்சர்

வணக்கம். நாகப்பட்டினம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், 2029-ல் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்து கடல் பொங்குமாமே, நிஜமா?" என்று கேட்டான். அம்மாவின் போனில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். வேறு ஊராக இருந்தால் மற்ற பிள்ளைகள் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் கடல் பொங்கும் என்றால் யாரும் சிரிப்பதில்லை. சுனாமி வந்தபோது இந்தப் பிள்ளைகள் யாரும் பிறக்கவில்லை, ஆனாலும் வகுப்பு கப்சிப் என்று ஆகிவிட்டது.

விழாது என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். "எப்படித் தெரியும்?" என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அதனால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தேன். அந்தச் சிறுகோளின் பெயர் அபோஃபிஸ். 2029 ஏப்ரல் 13 அன்று அது பூமியில் மோத 37-ல் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று 2004 டிசம்பர் 27-ம் தேதி கணக்கு வந்ததாம். அந்தத் தேதியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அதற்கு முந்தின நாள் காலையில்தான் எங்கள் தெருவுக்குள் கடல் வந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. 27-ம் தேதி முழுக்க ஒரு கல்யாண மண்டபத்தில் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் அப்பாவின் பெயரைச் சொல்லி விசாரித்துக்கொண்டிருந்தார். அப்பா மூன்றாம் நாள் வந்து சேர்ந்தார். நாங்கள் அப்படி இருந்த அதே நாளில் உலகத்தின் இன்னொரு மூலையில் சிலர் இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்றைக்கே, மோதாது என்றும் முடிவு செய்திருக்கிறார்கள்.

எனக்குப் புரிய வேண்டியது இதுதான். 37-ல் ஒன்று என்று இருந்தது ஒரே நாளில் எப்படி இல்லாமல் போகும்? அப்புறம், அது 324 நாளில் சூரியனைச் சுற்றி வருகிறது என்கிறார்கள். அப்படியென்றால் வருடா வருடம் நம் பக்கம் வர வேண்டாமா? 2029-ல் வரும் தூரத்தையும் ஒரு இடத்தில் 38,000 கிலோமீட்டர் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 32,000 என்கிறார்கள். நான் கரும்பலகையில் எதை எழுதுவது?

ரமணா_88

நூறு வருடத்துக்கு ஆபத்து இல்லை என்று நாசா 2021-லேயே சொல்லிவிட்டது டீச்சர். பயப்பட வேண்டாம் என்று பையனிடம் சொல்லுங்கள்.

நாகை டீச்சர்

நன்றி தம்பி. அதைப் படித்தேன். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக நம்பு என்று அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால் அவன் தானாகவே நம்புவான்.

ஓய்வுபெற்ற சர்வேயர்

டீச்சர், வணக்கம். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரன் நான். 31 வருடம் நில அளவையில் இருந்தேன். இப்போது மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். 2021 மார்ச்சில் அபோஃபிஸ் 1.7 கோடி கிலோமீட்டர் தூரத்தில் போனபோது, நண்பர் ஒருவரின் கேமராவை அதில் மாட்டி மூன்று இரவு படம் எடுத்தோம். இரண்டு இரவு மேகம். மூன்றாம் இரவில் அரை மணிக்கு ஒன்றாக எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்தால், நட்சத்திரங்களெல்லாம் அப்படியே நிற்க, மங்கலான ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அதனால் இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூரம் சுலபம். 38,000 என்பது பூமியின் மையத்திலிருந்து. அதில் பூமியின் ஆரம் 6,371-ஐக் கழித்தால் தரையிலிருந்து சுமார் 31,600 வரும். அதைத்தான் 32,000 என்று முழுசாக்கிச் சொல்கிறார்கள். கிணற்றின் ஆழத்தைத் தரையிலிருந்து அளந்தாயா, கைப்பிடிச் சுவரிலிருந்து அளந்தாயா என்று கேட்பது மாதிரிதான். இரண்டையும் எழுதுங்கள், எங்கிருந்து அளந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நம் டிவிக்கு அலைவரிசை அனுப்பும் இன்சாட், ஜிசாட் செயற்கைக்கோள்கள் நிற்பது தரையிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில். அதைவிடக் கீழே வந்து போகப் போகிறது இந்தக் கல். நிலா இருக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு.

அடுத்து சுற்று. அபோஃபிஸின் பாதை சற்றே நீண்ட வட்டம். உள்ளே போகும்போது சூரியனிலிருந்து 11.2 கோடி கிலோமீட்டர், அதாவது கிட்டத்தட்ட வெள்ளியின் பாதை வரைக்கும் போகும். வெளியே வரும்போது 16.4 கோடி. நாம் சுற்றுவது 15 கோடியில். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் அது நம் பாதையின் தூரத்தை இரண்டு தடவை தாண்டும். நம் பாதைத் தளத்துக்கு அதன் பாதை 3.3 டிகிரிதான் சாய்வு, ஏறக்குறைய ஒரே தட்டு.

பாதை கிட்டத்தில் வந்தால் போதாது. அந்த நேரத்தில் பூமியும் அங்கே இருக்க வேண்டும். தெப்பக்குளத்தைச் சுற்றி இரண்டு பேர் நடக்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒருவன் 324 நாளில் சுற்றுகிறான், இன்னொருவன் 365 நாளில். ஒவ்வொரு சுற்றுக்கும் முதல் ஆள் 41, 42 நாள் முந்துவான். அப்படி முந்தி முந்தி ஒரு முழுச் சுற்று அதிகமாகப் போட்டு மறுபடி பக்கத்தில் வர அவனுக்கு ஏறக்குறைய ஏழே முக்கால் வருடம் ஆகும். தேதிகளைப் பாருங்கள்: 2004 கடைசி, 2013 தொடக்கம், 2021 மார்ச், அடுத்தது 2029. வகுப்பிலேயே இதை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், விடை ஏறக்குறைய ஒத்துப்போகும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. நான் பதில் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஒரு காட்டில் இரண்டு எல்லைக்கல் மட்டும் கிடைக்கிறது, மற்றவை காணோம் என்று வையுங்கள். அந்த இரண்டும் பத்தடி இடைவெளியில் இருந்தால், அவற்றை வைத்து நீட்டுகிற கோடு அரை மைல் தள்ளி எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. கல்லின் தலை ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் கோடு அங்கே போய்ச் சேரும்போது பல கெஜம் விலகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு கோட்டை நீட்டிவிட்டு, இதுதான் எல்லை என்று ஒரு பெரியவரிடம் சொன்னேன். என் மேலதிகாரி வந்து, பின்பக்கம் முந்நூறு கெஜம் நடந்து, கருவேல முள்ளுக்குள் புதைந்து கிடந்த ஒரு பழைய கல்லை மண்வெட்டியால் கிளறி எடுத்தார். அந்த ஒரு கல்லோடு கோடு நேராகிவிட்டது. பெரியவரின் கிணறு அவர் நிலத்திலேயே இருந்தது.

அபோஃபிஸுக்கும் இதுதான் நடந்தது. 2004 ஜூன் 19 அன்று அரிசோனாவில் கிட் பீக் மலையில் டக்கர், தோலன், பெர்னார்டி ஆகிய மூன்று பேர் அதை முதலில் பார்த்தார்கள். இரண்டே இரவுதான் பார்க்க முடிந்தது, அப்புறம் தொலைந்துபோனது. டிசம்பர் 18-ல் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் மறுபடி அகப்பட்டது. ஜூனில் இரண்டு இரவு, டிசம்பரில் சில நாள். கையில் இருந்த கல் அவ்வளவுதான். அதை வைத்து 25 வருடம் தள்ளிக் கோடு நீட்டினார்கள். அதனால் 2029-ல் அது இருக்கக்கூடிய இடம் ஒரு புள்ளியாக வரவில்லை, நீண்ட ஒரு பட்டையாக வந்தது. அந்தப் பட்டைக்குள் பூமியும் இருந்தது.

வாய்ப்பு முதலில் ஏன் ஏறியது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், பயம் பாதி அதில்தான் இருக்கிறது. சந்தேகப்படும் நிலம் நூறு ஏக்கர், அதற்குள் ஒரு கிணறு. அளந்து அளந்து சந்தேகத்தை ஐம்பது ஏக்கராகக் குறைக்கிறோம், கிணறு இன்னும் உள்ளேயே இருக்கிறது. அப்போது அந்த நிலத்தில் கிணற்றின் பங்கு இரண்டு மடங்காகிவிடும். ஆபத்து கூடவில்லை, நம் அறியாமை சுருங்கியிருக்கிறது. இன்னும் அளந்தால் எல்லைக்கோடு ஒரு கட்டத்தில் கிணற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடும். அந்த நிமிஷமே பங்கு பூஜ்யம். அந்த டிசம்பரில் வாய்ப்பு முந்நூறில் ஒன்று, அறுபத்திரண்டில் ஒன்று, முப்பத்தேழில் ஒன்று என்று ஏறிக்கொண்டே வந்தது இதனால்தான். மோதல் ஆபத்துக்கு 0 முதல் 10 வரை எண் போடும் டொரினோ அளவுகோலில் அதற்கு 4 கொடுத்தார்கள். இன்றுவரை வேறு எந்தச் சிறுகோளும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

அந்தப் பழைய கல் கிடைத்தது 27-ம் தேதி. ஸ்பேஸ்வாட்ச் என்று ஒரு குழு, அவர்களும் அதே கிட் பீக் மலையில்தான் வானத்தைப் படம் எடுத்துவருகிறார்கள். 2004 மார்ச் 15 அன்று அவர்கள் எடுத்த படங்களைத் தோண்டிப் பார்த்தபோது, யாரும் கவனிக்காத மங்கல் புள்ளியாக அபோஃபிஸ் அதில் இருந்தது. ஜூனுக்கு மூன்று மாதம் முந்தின ஒரு கல்! அதைச் சேர்த்துக் கோட்டை நீட்டியதும் பட்டை சுருங்கிப் பூமியை விட்டு வெளியே போய்விட்டது. இதில் அதிர்ஷ்டம் என்று எதுவும் இல்லை. எதற்கு என்று தெரியாமலே படம் எடுத்து, அதைப் பத்திரமாக வைத்திருந்தவர்களின் வேலை அது. அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பாறைப்பித்தன்

சர்வேயர் சார், அருமை. நான் புவியியல் முதுகலை படிக்கிறேன், சேலம். பாதையை சார் சொல்லிவிட்டார், கல்லைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன் அக்கா.

ரேடார் அளவீடுகளின்படி சராசரிக் குறுக்களவு 340 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 66 மீட்டர் உயரம் என்று வைத்தால், ஐந்தை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கின உயரம். உருண்டையாக இருக்காது. நீளவாக்கில் 450 மீட்டர் வரும், குறுகின பக்கம் 170தான். இரண்டு உருண்டைகள் ஒட்டின மாதிரி, நிலக்கடலைக்காய் வடிவமாக இருக்கலாம் என்று ரேடார் படங்கள் காட்டுகின்றன. எடை ஐந்து கோடி டன் அளவில் கணிக்கிறார்கள்.

என்ன கல் என்பது அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. ஆலிவின், பைராக்சீன் என்ற இரண்டு சிலிக்கேட் கனிமங்களின் அடையாளம் தெளிவாகத் தெரிகிறது. பூமியில் விழுகிற எரிகற்களில் எல்.எல். காண்டிரைட் என்று ஒரு வகை உண்டு, இரும்பு குறைந்த ரகம், அதோடு ஒத்துப்போகிறது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் ஊருக்கு மேலே வெடித்த கல்லும் இதே வகைதான். அது 20 மீட்டர்தான், ஆனால் ஊர் முழுக்கக் கண்ணாடி ஜன்னல் உடைந்து ஆயிரத்துக்கு மேல் பேருக்குக் காயம். அதன் துண்டு ஒன்று எங்கள் துறை அலமாரியில் இருக்கிறது, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. அறுத்த முகம் வெளிர் சாம்பல், அதன் குறுக்கே மயிரிழை மாதிரி கறுப்புக் கோடுகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ரவை அளவில் உருண்டை உருண்டையாகத் தெரியும். கிரகங்கள் உண்டாவதற்கு முன்னாலேயே உருகி உறைந்த துளிகள் அவை. நூலில் காந்தத்தைக் கட்டிப் பக்கத்தில் கொண்டுபோனால் காந்தம் லேசாக மட்டும் சாயும். இரும்பு அதிகமுள்ள காண்டிரைட்டிடம் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அந்த லேசான சாய்வைப் பார்க்கும்போதெல்லாம் அபோஃபிஸின் ஒரு சின்ன உறவுக்காரனைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

இன்னொன்று, அது சுழலும் விதம். பூமி மாதிரி ஒரே அச்சில் ஒழுங்காகச் சுழலாது. வேகம் குறைந்து விழப்போகிற பம்பரம் தலையை ஆட்டிக்கொண்டே சுற்றுமே, அது மாதிரி. தலையாட்டல் ஒரு சுற்றுக்கு 27.4 மணி நேரம், தன்னைத்தானே சுற்றிக்கொள்வது 263 மணி நேரம். இரண்டும் கலந்துதான் அதன் வெளிச்சம் கூடிக் குறைகிறது. 2029-ல் பூமியின் ஈர்ப்பு அதை முறுக்கும்போது இந்த ஆட்டம் மாறும், மேற்பரப்பில் சின்னச் சரிவுகள் கூட நடக்கலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். பென்னு சிறுகோளின் மண்ணை 2023 செப்டம்பரில் யூட்டா பாலைவனத்தில் போட்டுவிட்டுப் போன நாசாவின் விண்கலம், இப்போது ஓசிரிஸ்-அபெக்ஸ் என்ற பெயரில் அபோஃபிஸை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அது சேர்வது கடந்து போன பிறகு. ஐரோப்பியர்களின் ரேம்சஸ் என்ற விண்கலம் முன்னாலேயே போய் நின்று பார்க்கும் திட்டம். முறுக்குவதற்கு முன் ஒரு பார்வை, முறுக்கின பின் ஒரு பார்வை. எங்கள் துறைக்கு இது கிடைத்தற்கரிய பாடம்.

நாகை டீச்சர்

ஐயா, தம்பி, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கிணறு உதாரணத்தை இரண்டு தடவை படித்தேன். சந்தேகம் சுருங்கும்போது எண் ஏறும் என்று இத்தனை வருடமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

பூமியின் ஈர்ப்பு அதை முறுக்கும் என்கிறார் தம்பி. அப்படியென்றால் பாதையும் மாறாதா? மாறி, அடுத்த தடவை நேராக வந்துவிட்டால்? அந்தப் பையன் நிச்சயம் இதைக் கேட்பான். அப்புறம், அது போவதை எங்கள் ஊரிலிருந்து பார்க்க முடியுமா ஐயா?

ஓய்வுபெற்ற சர்வேயர்

மாறும் டீச்சர், நன்றாகவே மாறும். இப்போது 324 நாள் சுற்று. பூமி இழுத்துவிட்டபின் அது 420 நாளுக்கு மேல் ஆகிவிடும். இதுவரை நம்மைவிட வேகமாகச் சுற்றினவன் இனி நம்மைவிட மெதுவாகச் சுற்றுவான்.

பையன் கேட்கப்போகிற கேள்வியை விஞ்ஞானிகளும் கேட்டார்கள். மாறின பிறகு சுற்றுக்காலம் சரியாக 426 நாளாக அமைந்துவிட்டால், அது ஆறு சுற்று முடிக்கும்போது பூமி ஏழு சுற்று முடித்திருக்கும். 2036 ஏப்ரலில் இரண்டும் அதே இடத்தில் வந்து நிற்கும். அப்படி அமைய வேண்டுமென்றால் 2029-ல் அது வானத்தில் 600 மீட்டர் அகலமுள்ள ஒரு குறிப்பிட்ட இடுக்கின் வழியாகப் போக வேண்டும். சாவித்துவாரம் என்று அதற்குப் பெயர். அதன் வழியாகப் போகாது என்று 2013-லேயே அளந்து முடித்துவிட்டார்கள். அப்புறம் 2068 என்று ஒரு சின்ன சந்தேகம் மிச்சம் இருந்தது. அது ஏன் அவ்வளவு நாள் இழுத்தது தெரியுமா? வெயில்தான் காரணம்.

30 மீட்டர் எஃகு டேப்பைக் காலையில் பிடித்தால் ஒரு நீளம், உச்சி வெயிலில் பிடித்தால் சில மில்லிமீட்டர் கூடுதல். துல்லியமான வேலைக்கு வெப்பத் திருத்தம் போடாமல் புத்தகத்தில் எழுதக் கூடாது. அபோஃபிஸுக்கும் அப்படி ஒரு திருத்தம் உண்டு. சூரியன் பக்கம் காய்ந்த முகம் கொஞ்சம் திரும்பினபிறகுதான் அந்தச் சூட்டை வெளியே விடும். விடும்போது மிக மிக மெல்லியதாகக் கல்லைத் தள்ளும். யார்க்கோவ்ஸ்கி விளைவு என்பார்கள். பாதை இதனால் வருடத்துக்கு 170, 200 மீட்டர் உள்ளே நகர்கிறது. கோடிக்கணக்கான கிலோமீட்டரில் 200 மீட்டர் என்ன பெரிசு என்று தோன்றும். 2029-ல் பூமி அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துப் பல மடங்கு பெருக்கிவிடும். அதனால் இதைக் கணக்கில் எடுக்காமல் 2068 பற்றிப் பேசவே முடியாது.

2021 மார்ச்சில், நாங்கள் மாடியில் புள்ளியைத் தேடிக்கொண்டிருந்த அதே நாட்களில், கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவிலிருந்து ரேடார் அலையை அதன்மேல் அனுப்பி, திரும்பி வந்ததை மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில் பிடித்தார்கள். 1.7 கோடி கிலோமீட்டர் தூரத்தை 150 மீட்டர் துல்லியத்தில் அளந்தார்கள். என் வாழ்நாள் முழுக்க அளந்தவன் சொல்கிறேன், இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் 2068 பட்டியலிலிருந்து போனது, நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்ற வார்த்தையும் வந்தது. அந்த வார்த்தைக்குப் பின்னால் இத்தனை அளவு இருக்கிறது என்று பையனிடம் சொல்லுங்கள்.

பார்ப்பது பற்றி. மிக அருகே வரும் நேரம் நம் கணக்கில் ஏப்ரல் 14 அதிகாலை 3.16. சித்திரை ஒன்றாம் தேதி விடிகிற நேரம்! ஆனால் அப்போது அது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்கும், நம் வானத்தில் இருக்காது. ஐரோப்பா, ஆப்பிரிக்காக்காரர்களுக்குத்தான் அந்தக் காட்சி. அங்கே வெறும் கண்ணுக்கே சாதாரண நட்சத்திரம் மாதிரி தெரியும், மெதுவாக நகரும். நமக்கு அதற்கு முன்னால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஆஸ்திரேலியாவைத் தாண்டி இந்தியப் பெருங்கடல் மேலாகத்தான் அது வருகிறது. அதனால் 13-ம் தேதி வெள்ளிக்கிழமை இரவு முன்பகுதியில் நம் வானத்தில் இருக்கும். அப்போது மங்கலாகத்தான் இருக்கும், பைனாகுலர் வேண்டும். அன்றைக்கு அமாவாசையை ஒட்டிய இரவு, நிலா வெளிச்சத் தொந்தரவு இல்லை. தெருவிளக்கு இல்லாத இடமாகப் பிடியுங்கள். நான் உயிரோடும் காலில் பலத்தோடும் இருந்தால் தொலைநோக்கியை வண்டியில் ஏற்றிக்கொண்டு உங்கள் ஊருக்கே வருகிறேன்.

நாகை டீச்சர்

கட்டாயம் வாருங்கள் ஐயா. எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

நேற்று பாடம் எடுத்துவிட்டேன். வகுப்பில் இல்லை, மைதானத்தில். கொடிக்கம்பத்தைப் பூமி என்று வைத்துக்கொண்டோம். தூரத்தில் ஒரு அடி இடைவெளியில் இரண்டு கல் வைத்து, அவற்றின் மேலாக நூலைப் பிடித்துக் கம்பம் வரைக்கும் இழுக்கச் சொன்னேன். ஐந்து குழு இழுத்தார்கள், நூல் ஐந்து இடத்துக்குப் போனது. இரண்டு குழுவின் நூல் கம்பத்திலேயே போய் முட்டியது. ஐந்தில் இரண்டு என்று ஒரு பெண் கரும்பலகை மாதிரி மண்ணில் எழுதினாள். யாரும் பேசவில்லை.

அப்போது அந்தப் பையன், "மார்ச் மாசத்துக் கல் எங்கே டீச்சர்?" என்று கேட்டான். நான் நீட்டின கல்லை வாங்கிக்கொண்டு பின்னால் ஓடினான். ஏற்கெனவே நான் சுண்ணாம்பால் போட்டு வைத்திருந்த புள்ளி பள்ளி கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் கல்லை வைத்துவிட்டு நூலின் கடைசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மற்றவர்கள் மூன்று கல்லின் மேலாகவும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஐந்து குழுவும் தனித்தனியாக. ஐந்து தடவையும் நூல் கொடிக்கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனது.

"இன்னொரு தடவை இழுங்கடா" என்று பள்ளி கேட் பக்கத்திலிருந்து கத்தினான். இன்னொரு தடவை இழுத்தோம்.